சூட்டுக்கு ஒரு குளிகை

தக்கலையிலிருந்து மார்த்தாண்டம் போகும் ரோட்டில் ஒரு மருந்துக்கடையில் சில வருஷம் நின்றிருக்கிறேன். டி.பார்ம் முடித்த கையோடு கிடைத்த வேலை. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் எதிர்த்த டீக்கடையில் ஒருவர் நிற்பார். கையில் டீ ஆறிப்போயிருக்கும், கண் நம் கடையிலேயே இருக்கும். பெண்கள் யாரும் இல்லை என்று உறுதியானதும் ரோட்டைத் தாண்டி வருவார். முதலில் ஒரு அட்டை பாராசிட்டமால் கேட்பார். மீதிச் சில்லறையை வாங்கும்போதுதான் குரல் தாழும்: "அண்ணே, நல்ல சூடு. மூத்திரம் போவும்போ எரியுது. ஏதாம் குளிகை இருக்கா?"

சூடு என்ற சொல்லுக்கு எங்கள் மாவட்டத்தில் கொள்ளளவு அதிகம். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை பார்த்ததால் வரும் எரிச்சலும் சூடுதான், கல்லடைப்பும் சூடுதான், சாதாரண நீர்த்தாரைத் தொற்றும் சூடுதான். இளநீர் குடி, நுங்கு தின்னு, விடியற்காலையில் அக்கானி (பதநீர்) குடி என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். பாதிப் பேருக்கு அதிலேயே சரியாகியும் விடும். மீதிப் பாதியில் சிலர், எரிச்சலோடு உள்ளாடையில் மஞ்சளாய்ச் சீழ் பட்டதையும் பார்த்திருப்பார்கள். அதைச் சொல்ல மாட்டார்கள். நாமும் கேட்க மாட்டோம். மூன்று மாத்திரை உள்ள அசித்ரோமைசின் 500 அட்டை ஒன்றோ, ஆஃப்லாக்சசினும் ஆர்னிடசோலும் சேர்ந்த அட்டை ஒன்றோ தாளில் சுற்றிக் கைமாறும். நானும் கொடுத்திருக்கிறேன்.

அந்த அட்டையில் இருந்தது போலி மருந்தல்ல. அசித்ரோமைசின் நல்ல மருந்து. எந்தக் கிருமிக்கு, எவ்வளவு, எத்தனை நாள், யார் யாருக்கு என்ற நாலு கேள்விக்கும் பதில் தெரியாமல் கொடுத்ததுதான் கோளாறு. அந்த நாலையும் கேட்கவிடாமல் செய்வது இரண்டு பக்கத்து வெட்கம். பால்வினை நோய்களில் மருந்தைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் டாக்டர் இல்லை, வெட்கம்தான். ஊசியா மாத்திரையா என்றால் அது மாத்திரையைச் சொல்லும். ஏழு நாளா ஒரு நாளா என்றால் ஒரு நாளைச் சொல்லும். வீட்டில் இருப்பவருக்கும் சேர்த்தா என்றால் வாயே திறக்காது.

பாக்டீரியாவால் வரும் பால்வினை நோய்களில் நாம் அதிகம் பார்ப்பது மூன்று. வெட்டை என்று நம் ஆட்கள் சொல்லும் கொனோரியா. தமிழில் பழைய பெயரே இல்லாத கிளமிடியா. கிரந்தி, மேகப்புண், பறங்கிப்புண் என்று பல பெயர் கொண்ட சிபிலிஸ். 2020இல் மட்டும் உலகில் புதிதாகக் கிளமிடியா 12.9 கோடிப் பேருக்கும், கொனோரியா 8.2 கோடிப் பேருக்கும், சிபிலிஸ் 71 லட்சம் பேருக்கும் வந்திருக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. மூன்றும் முழுசாகக் குணமாகிறவை. ஹெர்ப்பீஸ், எச்.பி.வி., எச்.ஐ.வி. எல்லாம் வைரஸ்கள். ஆன்டிபயாடிக்குக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் கிடையாது.

பறங்கிப்புண் என்ற பெயரிலேயே ஒரு சரித்திரம் இருக்கிறது. போர்ச்சுகீசியரோடு வந்த நோய் என்பதால் பறங்கியர் தலையில் பெயர் விழுந்தது. 16ஆம் நூற்றாண்டு ஆயுர்வேத நூலிலும் இது பிரங்க ரோகம்தான். அதற்கு மருந்தாக வந்த சீனத்துக் கிழங்குக்கு பறங்கிப்பட்டை என்று பெயர். நாகர்கோவில் நாட்டுமருந்துக் கடைகளில் இன்றும் கேட்டால் எடுத்துத் தருவார்கள். நோயும் கப்பலில் வந்தது, மருந்தும் கப்பலில் வந்தது. கிழங்குக்கு அடங்காதவர்களுக்குப் பாதரசம், அதன் உப்பான ரசகற்பூரம். வாய் வெந்து எச்சில் ஒழுகினால் நோய் வெளியேறுகிறது என்று நம்பினார்கள். இதே சித்திரவதை ஐரோப்பாவிலும் நடந்தது. 1910இல் பால் எர்லிக்கின் ஆர்சனிக் மருந்து சால்வர்சன் விற்பனைக்கு வந்தது. 1943இல் அமெரிக்காவில் ஜான் மஹோனி நாலு சிபிலிஸ் நோயாளிகளுக்குப் பென்சிலின் போட்டுப் பார்த்தார். பாதரசத்தின் கதை அத்தோடு முடிந்தது.

சென்னைக்கும் இந்தச் சரித்திரத்தில் ஒரு ஓரம் உண்டு. டோனோவனோசிஸ் என்று ஒரு புண் நோய். அந்தப் புண்ணில் நுண்ணோக்கி வழியே கிருமிப் பொதிகளை 1905இல் அடையாளம் கண்ட சார்லஸ் டோனோவன் அப்போது மதராஸில் பணியாற்றிய மருத்துவர். காலா அசார் காய்ச்சலைத் தரும் கிருமியின் பெயரிலும் இவர் இருக்கிறார். அந்தப் புண் நோய் இப்போது அபூர்வம்.

சரி, மூன்று நோய்க்கும் மருந்து ஏன் வேறு வேறு? கடையில் நின்ற நாளில் இதை யாராவது எனக்குப் பொறுமையாகச் சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். விஷயம் கிருமியின் வாழ்க்கை வேகத்தில் இருக்கிறது.

கொனோரியாக் கிருமி அவசரக்காரன். வசதி கிடைத்தால் மணிக்கொருதரம் இரண்டாகப் பெருகுகிற ரகம். அதனால்தான் உறவுக்குப் பின் இரண்டிலிருந்து ஐந்து நாளுக்குள்ளேயே எரிச்சலும் சீழும் வந்து ஆளை ஆட்டிவைக்கிறது. அவசரமாகப் பெருகுபவனை அவசரமாகவே அடித்துவிடலாம். ஒரே வேளை, ஆனால் பலமான அடி. இன்று அந்த அடி செஃப்ட்ரையாக்சோன் ஊசி, தசையில் ஒருமுறை. 250 மில்லிகிராம் போதும் என்றிருந்ததை 2020 முடிவில் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 500 ஆக்கியது. ஒரே ஊசியில் ரத்தத்தில் மருந்தின் அளவு சட்டென்று ஏறி, கிருமி மூச்சு விடுவதற்குள் வேலை முடிய வேண்டும். அரைகுறை அளவில் மூன்று நாள் இழுத்தால் அடிபட்ட கிருமி பாடம் படித்துக்கொள்ளும்.

கிளமிடியா திருட்டுக் குடித்தனக்காரன். நம் உயிரணுவுக்குள்ளேயே புகுந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரு சுற்று முடித்து உயிரணுவை உடைத்து வெளியே வர இரண்டு மூன்று நாள் எடுக்கும். இதை அடிக்க வேண்டுமென்றால் மருந்தும் உயிரணுவுக்குள் போக வேண்டும். சில சுற்றுகள் முடியும்வரை அங்கேயே இருக்கவும் வேண்டும். அதற்குத்தான் டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம், காலையும் இரவும், ஏழு நாள். செஃப்ட்ரையாக்சோன் ஊசி இதை ஒன்றும் செய்யாது. 'ஊசி போட்டேன், சீழ் நின்னுது, ஆனா பத்து நாள் கழிச்சு மறுபடி வழுவழுன்னு ஏதோ வருது' என்று சிலர் திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். இரண்டு கிருமியும் சேர்ந்தே வந்திருக்கும். அவசரக்காரன் செத்தான், குடித்தனக்காரன் இருக்கிறான். மருந்தே கேட்கவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போவார், இன்னும் பெரிய பெயருள்ள மாத்திரைக்கு.

டாக்சிசைக்ளினைப் பற்றிக் கடையில் சொல்லாமல் விடுகிற மூன்று விஷயம் உண்டு. நிறையத் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மாத்திரை தொண்டைக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கிவிடும். இரும்புச்சத்து மாத்திரையோடும் அசிடிட்டி சிரப்போடும் சேர்த்துச் சாப்பிட்டால் உடம்பில் சேராது. மூன்றாவதுதான் எங்கள் ஊருக்கு முக்கியம்: இதைச் சாப்பிடும் நாட்களில் வெயில் பட்டால் தோல் எளிதில் வெந்துபோகும். குளச்சலிலோ முட்டத்திலோ கடலுக்குப் போகிற ஒருவரிடம் இதைச் சொல்லாமல் கொடுத்தால், இரண்டாம் நாள் முகமும் கையும் சிவந்து, மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று மீதியைத் தூக்கிப் போட்டுவிடுவார். கர்ப்பிணிகளுக்கு டாக்சிசைக்ளின் கொடுப்பதில்லை. அவர்களுக்குத்தான் அசித்ரோமைசின் ஒரு கிராம், ஒரே வேளை. அட்டையில் இருக்கிற மூன்று மாத்திரையை மூன்று நாளாகப் பிரித்துத் தின்பதும், ஒரு கிராமை ஒரே நேரத்தில் விழுங்குவதும் ஒன்றல்ல.

மூன்றாவது கிருமி, சிபிலிஸின் ட்ரெபோனிமா, சோம்பேறி. இரண்டாகப் பிரிய முப்பது மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். பென்சிலின் வேலை செய்வது கிருமி தன் சுவரைக் கட்டும்போதுதான். கொத்தனார் வேலைக்கு வருகிற நாளில்தான் வேலையைக் கெடுக்க முடியும். இவரோ எப்போதாவது வருகிற கொத்தனார். அதனால் பென்சிலின் கொஞ்சமாக இருந்தாலும் போதும், ஆனால் நாள்கணக்கில் ரத்தத்தில் விடாமல் இருக்க வேண்டும். பென்சத்தைன் பென்சிலின் இதற்கென்றே செய்தது போன்ற மருந்து. 24 லட்சம் யூனிட், இரண்டு பிட்டத்திலும் பாதிப் பாதியாகப் போடுவார்கள். தசையில் தங்கி இரண்டு மூன்று வாரம் கசிந்துகொண்டே இருக்கும். தொடக்க நிலை என்றால் ஒரே ஒருமுறை. நோய் ஒரு வருஷத்தைத் தாண்டியிருந்தால், அல்லது எப்போது வந்தது என்றே தெரியாவிட்டால், வாரம் ஒன்றாக மூன்று ஊசி.

மூட்டுவாதக் காய்ச்சல் வந்த பிள்ளைகளுக்கு இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை போடும் அதே ஊசிதான் இது. வெள்ளைக் குழம்பாக இருக்கும், சின்ன ஊசியில் அடைத்துக்கொள்ளும், வலிக்கும். பென்சிலின் ஒவ்வாமை என்ற பயம் வேறு. சில தனியார் கிளினிக்குகளில் இந்த ஊசி என்றாலே கையை விரித்துவிட்டு மாத்திரை எழுதிக் கொடுப்பதைச் சீட்டுகளில் பார்த்திருக்கிறேன். டெஸ்ட் டோஸ் போட்டு, அவசர மருந்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போட வேண்டிய ஊசி என்பது உண்மைதான். அதற்காக விட்டுவிடுகிற ஊசி அல்ல. எண்பது வருஷம் ஆகிவிட்டது. பென்சிலினுக்கு மசியாத சிபிலிஸ் இதுவரை வரவில்லை. அசித்ரோமைசினுக்கு மசியாத சிபிலிஸ் உலகின் பல பகுதிகளில் சாதாரணமாகிவிட்டது. கிருமியின் மரபுச் சங்கிலியில் ஒரே ஒரு எழுத்து மாறினால் போதும், அந்த மாத்திரை கேட்காது.

ஊசி போட்ட அன்று ராத்திரியே குளிர்காய்ச்சலும் தலைவலியும் வரலாம். செத்த கிருமிகள் சிதறுவதால் வருவது, ஒரு நாளில் அடங்கிவிடும். முன்கூட்டி யாரும் சொல்லாவிட்டால் ஊசி ஒத்துக்கொள்ளவில்லை என்று ஆள் அடுத்த ஊசிக்கு வரவே மாட்டார்.

சிபிலிஸிடம் இன்னொரு வில்லத்தனம் உண்டு. முதலில் வருகிற புண் வலிக்காது. உறவுக்குப் பின் சுமார் மூன்று வாரத்தில் வரும், சில வாரத்தில் தானாகவே ஆறிவிடும். எந்த மருந்தும் வேண்டாம். அப்படியானால் அந்த வாரங்களில் என்ன தின்றிருந்தாலும் பெயர் அதற்குத்தான் போகும். அட்டை மாத்திரைக்குப் போகலாம், லேகியத்துக்குப் போகலாம், மாதத்தில் ஒரு தேதி பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜில் ரூம் போட்டு உட்காரும் பரம்பரை வைத்தியருக்குப் போகலாம். அவர் பொய் சொல்கிறார் என்றுகூடச் சொல்ல முடியாது. அவர் கண் முன்னால்தானே புண் ஆறியது! அப்புறம் சில வாரமோ சில மாதமோ கழித்து உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அரிப்பில்லாத படை வரும், கொத்துக் கொத்தாக முடி கொட்டும். அதுவும் போகும். பிறகு பல வருஷம் சத்தமே இருக்காது. சிலருக்கு அத்தோடு சரி. சிலருக்கு இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி, மூளை, கண் என்று போய் நிற்கும்.

சத்தமில்லாத அந்த வருஷங்களில் இருக்கும்போது குமரி மாவட்டத்து ஆண்களில் பலருக்கு நோய் தெரியவருவது ஒரு விசித்திரமான இடத்தில். வளைகுடா மெடிக்கல். விசா வந்துவிட்டது, ஏஜெண்டுக்குப் பணம் கட்டியாகிவிட்டது, திருவனந்தபுரத்துக்கோ சென்னைக்கோ போய் ரத்தம் கொடுத்தால் 'அன்ஃபிட்'. அந்த மெடிக்கலில் பார்ப்பவற்றில் சிபிலிஸும் ஒன்று. காகிதத்தோடு மருந்துக்கடைக்கு ஓடி வந்து, 'இத நெகட்டிவ் ஆக்க ஒரு ஊசி சொல்லுங்கண்ணே, பத்து நாள்ல ரீமெடிக்கல்' என்று கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இங்கே இரண்டு பரிசோதனைகளைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். வி.டி.ஆர்.எல். என்பது கிருமியை நேராகத் தேடாது. உடம்பில் அது செய்யும் சேதத்தின் எதிரொலியைத் தேடும். கர்ப்பம், மலேரியா, தொழுநோய், லூபஸ் போன்ற காரணங்களாலும் அது பாசிட்டிவ் காட்டிவிடும். அதனால் வி.டி.ஆர்.எல். பாசிட்டிவ் என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு யாரும் யாரையும் சந்தேகிக்கக் கூடாது. வீட்டில் ரகளை நடந்த பிறகு வருகிற இரண்டாவது ரிப்போர்ட்டுக்கு மதிப்பில்லை. டி.பி.எச்.ஏ. என்பது குறிப்பாக இந்தக் கிருமிக்கு எதிரான எதிர்ப்பொருளைப் பார்ப்பது. அது ஒருமுறை பாசிட்டிவ் ஆனால், முழுசாகக் குணமானாலும் பெரும்பாலோருக்கு ஆயுசுக்கும் பாசிட்டிவ்தான். எந்த ஊசியும் பத்து நாளில் அதை அழிக்காது. குணமானதை அளப்பது வி.டி.ஆர்.எல்.லின் அளவில்: 1:32 (ரத்தத்தை 32 மடங்கு நீர்த்தும் பாசிட்டிவ்) என்று இருந்தது ஆறு மாதத்திலோ ஒரு வருஷத்திலோ 1:8க்கு, அதாவது நாலில் ஒரு பங்குக்கு, இறங்க வேண்டும். ஊசி போட்ட தேதி, அளவு, அப்போதைய எண் எல்லாம் உள்ள காகிதத்தைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்துப் பத்திரமாக வைத்துக்கொள்வது நல்லது. அடுத்த டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

கர்ப்பிணிகளின் விஷயத்தில் பென்சிலினுக்கு மாற்றே கிடையாது. தாயைத் தாண்டிக் குழந்தையையும் குணப்படுத்தும் என்று நம்பக்கூடிய ஒரே மருந்து அதுதான். ஒவ்வாமை இருந்தால்கூட மருத்துவமனையில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கி அதையே கொடுப்பார்கள். பிரசவத்துக்குக் குறைந்தது முப்பது நாளுக்கு முன்னால் ஊசி போட்டிருக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் பரிசோதனையின்போது எடுக்கிற ரத்தத்தில் எச்.ஐ.வி.யோடு சிபிலிஸும் பார்ப்பது இதற்காகத்தான். நமக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிற இலங்கை, தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் பரவுவதை ஒழித்துவிட்டது என்ற சான்றிதழை உலக சுகாதார நிறுவனத்திடமிருந்து 2019இல் வாங்கிவிட்டது. பழைய ரத்தப் பரிசோதனையையும் பழைய ஊசியையும் வைத்துத்தான்.

பெண்களின் கதை தனி. கிளமிடியா வந்த பெண்களில் பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. கொனோரியாவும் பல பெண்களுக்கு அப்படியே. உள்ளேயே ஏறிக் கருக்குழாயை அடைத்து, வருஷங்கள் கழித்துக் குழந்தையின்மைச் சிகிச்சை மையத்தில்தான் வெளியே வரும். மறுபக்கம், வெள்ளைப்படுகிறது என்று வருகிற பெண்களில் பலருக்குப் பால்வினை நோயே இருக்காது. பூஞ்சையாக இருக்கும், அல்லது அங்கே இயல்பாக வாழும் பாக்டீரியாக்களின் சமநிலை குலைந்ததாக இருக்கும். ஆக, நோய் உள்ளவளுக்கு அறிகுறி இல்லை, அறிகுறி உள்ளவளுக்கு அந்த நோய் இல்லை. அறிகுறியை மட்டும் பார்த்து மருந்து கொடுக்கும் முறை ஆண்களிடம் ஓரளவு சரியாகவும் பெண்களிடம் மிக மோசமாகவும் வேலை செய்வதற்கு இதுதான் காரணம்.

அந்த முறைதான் நம் அரசு மருத்துவமனைகளில் பல வருஷமாக இருக்கிறது. லேப் முடிவுக்குக் காத்திருக்காமல், அறிகுறியைப் பார்த்து அன்றே மருந்து. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனம் இதற்கு ஏழு நிறத்தில் கிட் வகுத்தது. சீழ் வந்தால் சாம்பல் நிற கிட். தொடக்கத்தில் வகுத்தபடி அதில் செஃபிக்சிம் 400 மில்லிகிராமும் அசித்ரோமைசின் ஒரு கிராமும் இருக்கும், அவசரக்காரனுக்கும் குடித்தனக்காரனுக்கும் சேர்த்து. ஹெர்ப்பீஸ் அல்லாத புண்ணுக்கு வெள்ளை கிட், பென்சத்தைன் பென்சிலினோடு. பென்சிலின் ஆகாதவர்களுக்கு நீலம். அடிவயிற்று வலியோடு வரும் பெண்களுக்கு மஞ்சள். தொடையிடுக்கில் கட்டி வரும் அரையாப்புக்குக் கறுப்பு. நிறத்தை வைத்ததில் ஒரு சூட்சுமம் இருக்கிறது: நோயின் பெயரை யாரும் உரக்கச் சொல்ல வேண்டியதில்லை. 'சாம்பல் ஒண்ணு' என்றால் முடிந்தது. லேப் வசதி இல்லாத இடத்துக்கு இது சரியான ஏற்பாடு. ஆனால் லேப் இருக்கிற இடத்திலும் இதே பழக்கம் தொடர்ந்தால், எந்தக் கிருமி எந்த மருந்துக்கு மசியவில்லை என்பது யாருக்கும் தெரியாமலே போகும்.

கொனோரியாவில் அது தெரிந்தாக வேண்டும். இந்தக் கிருமி மருந்துகளைத் தின்று வளர்ந்த வரலாறு அப்படி. 1930களின் நடுவில் சல்ஃபா வந்தது, பத்து வருஷத்தில் கைவிட்டது. பென்சிலினுக்கு ஆரம்பத்தில் ஒன்றிரண்டு லட்சம் யூனிட்டில் மடங்கியது, 1970களில் 48 லட்சம் யூனிட் வேண்டியிருந்தது. 1976இல் பென்சிலினையே உடைக்கும் நொதியோடு வந்து நின்றது. டெட்ராசைக்ளின் போனது. சிப்ரோஃப்ளாக்சசின் போனது, 2007இல் அமெரிக்கா அதை இந்த நோய்க்குப் பரிந்துரைப்பதை நிறுத்தியது, இந்தியாவில் அதற்கு முன்பே நிலைமை கைமீறியிருந்தது. 2012இல் செஃபிக்சிம் மாத்திரையும் அங்கே முதல் வரிசையிலிருந்து இறங்கியது. 2018இல் பிரிட்டனில் ஒருவருக்குச் செஃப்ட்ரையாக்சோன், அசித்ரோமைசின் இரண்டுக்குமே மசியாத கொனோரியா வந்தது. எங்கள் கடையில் சூட்டுக்குக் கொடுத்த ஆஃப்லாக்சசின், சிப்ரோவின் ஒன்றுவிட்ட தம்பி. எப்போதோ தோற்றுப்போன மருந்தைத்தான் தாளில் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

எப்படித் தப்பிக்கிறது என்பதற்குப் பதில் தொண்டையில் இருக்கிறது. நம் எல்லார் தொண்டையிலும் இதன் பங்காளிகளான சாதுவான நைசீரியாக்கள் குடியிருக்கின்றன. தொண்டைக் கரகரப்புக்கும் சளிக்கும் நாம் விழுங்கும் ஒவ்வொரு அசித்ரோமைசினிலும் அவை கொஞ்சம் கொஞ்சமாகப் பாடம் படிக்கின்றன. கொரோனா காலத்தில் எத்தனை அட்டை போனது என்று மருந்துக்கடைக்காரர் யாரைக் கேட்டாலும் சிரிப்பார். அசித்ரோமைசின் உடம்பில் நாள்கணக்கில் தங்கும். கடைசியில் கொல்லும் அளவுக்குக் கீழே இறங்கி நிற்கிற நாட்கள்தான் கிருமிக்குப் பள்ளிக்கூடம். வாய்வழி உறவில் கொனோரியா தொண்டைக்கு வந்தால், பெரும்பாலும் எந்த அறிகுறியும் இல்லாமல் பங்காளிகளோடு உட்கார்ந்து, அவர்களிடமிருந்து மரபுத் துண்டுகளை வாங்கிக்கொள்கிறது. மருந்தால் தீர்க்க மிகவும் கஷ்டமான இடமும் தொண்டைதான்.

ஆன்டிபயாடிக் விற்பனையைக் கட்டுப்படுத்த 2024இல் கேரளம் மருந்துக்கடைகளில் 'ஆபரேஷன் அம்ரித்' என்ற பெயரில் சோதனைகளைத் தொடங்கியது. சீட்டில்லாமல் கொடுத்தால் நடவடிக்கை. நல்ல காரியம். களியக்காவிளையில் எல்லை எங்கே முடிகிறது, எங்கே தொடங்குகிறது என்று அங்கே டீ குடிப்பவர்களுக்கே சரியாகத் தெரியாது. மாத்திரைக்கு மட்டும் எப்படித் தெரியும்?

கடற்கரை ஊர்களைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்துப் படகுகள் கொச்சி, கோவா, குஜராத் என்று போய் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கி வருகின்றன. இடம்பெயர்ந்து வேலை செய்பவர்களை எய்ட்ஸ் தடுப்புத் திட்ட ஆவணங்கள் 'பாலம்' என்று குறிப்பிடும், அதாவது நோய் கடந்து வருகிற பாலம். எனக்கு அந்தச் சொல் பிடிக்காது. கடலில் இருக்கிறவருக்கு நோய் அதிகமா என்பதைவிட, நாளை விடியற்காலை படகு ஏறுகிறவருக்கு இன்று மாலை எந்த மருந்து கிடைக்கும் என்பதுதான் உருப்படியான கேள்வி. புறநோயாளிப் பிரிவு மத்தியானம் முடிந்துவிடும். திறந்திருப்பது மருந்துக்கடை மட்டும். டாக்டர் முன்னாலேயே ஊசி போட்டு அல்லது மாத்திரையை விழுங்கவைத்து அனுப்பும் ஒற்றை வேளைச் சிகிச்சைக்கு மதிப்பு இங்கேதான் தெரியும்.

எங்கே போவது என்று கேட்டால், தோல் மருத்துவர் போர்டைப் பாருங்கள். பட்டத்தில் டி.வி.எல். என்று இருக்கும். நடுவில் உள்ள அந்த 'வி' பால்வினை நோயியல். முகப்பருவுக்கும் முடி கொட்டுவதற்கும் போகிற அதே டாக்டர்தான் இதற்கும். காத்திருக்கும் அறையில் யாருக்கும் எதுவும் தெரியாது. ஆசாரிப்பள்ளம் போன்ற அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் அந்தப் பிரிவு இருந்தே ஆகும். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இதற்கான பிரிவுக்கு சுகவாழ்வு மையம் என்றும், எச்.ஐ.வி. பரிசோதனைக்கு நம்பிக்கை மையம் என்றும் பெயர். ஆலோசகர் தனியாகப் பேசுவார், கிட் இலவசம். நேரில் பேசக் கூச்சமாக இருந்தால் 1097க்கு இலவசமாகக் கூப்பிடலாம்.

அங்கே கேட்பார்கள், கடையில் நாங்கள் கேட்காத ஒன்றை. கடந்த அறுபது நாளில் யார் யார்? கொனோரியா, கிளமிடியாவுக்கு அந்தக் கணக்கு. அவர்களுக்கும் மருந்து போக வேண்டும், ஏழு நாள் உறவைத் தவிர்க்க வேண்டும், மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதிக்க வேண்டும். எங்கள் கடைக்கு வந்தவர்களில் ஒரே ஒருவர் மறுநாள் திரும்பி வந்து, "வீட்டுக்கும் ஒரு செட் வேணும். சத்து மாத்திரைன்னு சொல்லிக் குடுத்துரலாமா?" என்று கேட்டார். மற்ற யாரும் அந்த அளவுக்குக்கூட யோசிக்கவில்லை. அவருடைய மனைவி அப்போது ஆறு மாதக் கர்ப்பம் என்பது பேச்சோடு பேச்சாகத்தான் வந்தது. அன்று முதல்முறையாகக் குளிகை இல்லை என்று சொல்லி, இருவரையும் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன்.

2014 மார்ச்சிலிருந்து செஃபிக்சிம், செஃப்ட்ரையாக்சோன் போன்றவை, கூடுதல் கட்டுப்பாடுள்ள மருந்துகளுக்கான எச்-1 பட்டியலில் வந்துவிட்டன. பெட்டியில் சிவப்புக் கட்டம் இருக்கும். விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். அசித்ரோமைசினும் டாக்சிசைக்ளினும் அந்தப் பட்டியலில் இல்லை. நானும் ஒழுங்காக எழுதினேன். சீட்டோடு வந்தவர்களிடம் பெயர் கேட்டால் ஒரு நொடி யோசித்துவிட்டுச் சொல்வார்கள். சீட்டிலும் டாக்டரிடம் சொன்ன அதே பெயர்தான் இருக்கும். அந்தப் பதிவேட்டைப் புரட்டினால், எங்கள் ரோட்டில் அந்த வருஷம் பாதிப் பேருக்குக் குமார் என்று பெயர்.